தானே போட்டுக்கொண்ட மாலை

கேள்வி: ஓர்லாண்டோவில் படிக்கும் என் பேரன், ‘2017 தேசிய சாம்பியன்’ என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினான். அவன் படிப்பது சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகம். விசாரித்துப் பார்த்தால், அந்த சீசனில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக் கோப்பையை வாங்கியது அலபாமா. இறுதிப் போட்டியில் கால் வைக்காத அணி தன்னைச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்வது மோசடி இல்லையா?

— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மோசடி இல்லை, வீம்பு. அந்த வீம்பில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. அதனால் பேரனைத் திட்ட வேண்டாம்.

அந்த அணி 2015-இல் பன்னிரண்டு ஆட்டம் ஆடிப் பன்னிரண்டிலும் தோற்றது. பயிற்சியாளர் சீசன் முடியும்வரைகூட இருக்கவில்லை. அடுத்து ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தார். 2016-இல் 6 வெற்றி, 7 தோல்வி. 2017-இல் பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றிலும் வெற்றி. செப்டம்பரில் இர்மா புயல் வந்து ஜார்ஜியா டெக்குடன் ஆட வேண்டிய ஆட்டம் ரத்தானது. மேரிலாந்தை அதன் ஊருக்கே போய் 38-10 என்று சாத்தினார்கள். நவம்பர் கடைசியில், பங்காளியான சவுத் புளோரிடா 42-42 என்று சமன் செய்துவிட்டுப் பெருமூச்சு விடுவதற்குள், மைக் ஹியூஸ் பந்தை வாங்கிக்கொண்டு 95 கஜம் ஓடிவிட்டார். எட்டு நாள் கழித்து லீக் இறுதிப் போட்டி. மெம்ஃபிஸை 62-55 என்று வென்றார்கள், அதுவும் இரண்டு சுற்று கூடுதல் ஆட்டம் ஆடி. கால்பந்து ஸ்கோரா, கபடி ஸ்கோரா என்று நீங்கள் கேட்கலாம். இது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, இதற்கெல்லாம் என்ன கிடைத்தது? பன்னிரண்டாம் இடம்.

அன்றைய முறைப்படி 13 பேர் கொண்ட குழு ஓர் அறையில் உட்கார்ந்து அணிகளை வரிசைப்படுத்தும். முதல் நான்கு அணிகளுக்கு மட்டும் அரையிறுதி. மேல்மட்டப் பிரிவில் அந்த சீசனில் தோல்வியே காணாத ஒரே அணி பன்னிரண்டாவது. மூன்று ஆட்டம் தோற்ற ஆபர்ன் ஏழாவது. நான்காவது நாற்காலி, தன் லீக்கின் இறுதிப் போட்டிக்குக்கூட வராத அலபாமாவுக்கு.

காரணம் கேட்டால், பலமான அணிகளோடு ஆடவில்லை என்பார்கள். பலமான அணிகள் ஆட வந்தால்தானே? அங்கே அன்று பணக்கார லீக்குகள் ஐந்து, மற்றவை ஐந்து. சென்ட்ரல் புளோரிடா இருந்தது மற்றவையில். பெரிய அணி இப்படி ஓர் அணியோடு மோதி ஜெயித்தால் பெயர் இல்லை, தோற்றால் மானம் போகும். அப்படியே சம்மதித்தாலும், ‘எங்கள் ஊருக்கு இரண்டு தடவை வா, உன் ஊருக்கு ஒரு தடவை வருகிறோம்’ என்று பேரம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2018 புத்தாண்டு அன்று அட்லாண்டாவில், பீச் போவ்ல் என்னும் ஆட்டத்தில் சென்ட்ரல் புளோரிடாவுக்கு எதிரே நிறுத்தப்பட்டது அந்த ஆபர்ன். அது லேசுப்பட்ட அணி இல்லை. நவம்பரில் ஜார்ஜியாவை 40-17, அலபாமாவை 26-14 என்று வீழ்த்தியிருந்தது. பாதி ஆட்டத்தில் 13-6 என்று சென்ட்ரல் புளோரிடா முன்னால் நின்றது. முடிவில் 34-27 என்று வென்றதும் அதுதான். ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் தேசிய இறுதிப் போட்டி. மோதியவர்கள் யார் என்கிறீர்கள்? ஆபர்னிடம் உதை வாங்கிய ஜார்ஜியாவும் அலபாமாவும்.

பீச் போவ்லில் தடுப்பாட்டத்துக்கான சிறந்த வீரர் விருது வாங்கிய ஷக்கீம் கிரிஃபின் பற்றிச் சொல்லாமல் இந்த அணியைப் பற்றிப் பேச முடியாது. பிறவியிலேயே இடது கை சரியாக வளரவில்லை. வலி தாங்காமல் நான்கு வயதில் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள். எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளுவதே வேலையாக இருக்கும் இடத்தில், ஒரு கையோடு அன்று ஆபர்ன்காரர்களைப் பன்னிரண்டு தடவை மடக்கினார். இரண்டு மாதம் கழித்து, தொழில்முறை அணிகள் ஆள் எடுப்பதற்காக நடத்தும் சோதனையில் 40 கஜத்தை 4.38 விநாடியில் ஓடினார். சியாட்டில் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவருடைய இரட்டைச் சகோதரர் ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் இருந்த அணியைத்தான் பன்னிரண்டாவது என்று எழுதிவைத்தார்கள்.

அதன் பிறகு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் டேனி வைட், ‘நாங்களே தேசிய சாம்பியன்’ என்று அறிவித்தார். டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் விட்டார்கள். தேதியைக் கவனியுங்கள்: ஊர்வலம் ஜனவரி 7, இறுதிப் போட்டி ஜனவரி 8. மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முந்தின நாளே மறுவீடு நடத்திய மாதிரி. நாடு முழுக்கச் சிரித்தது.

சிரித்தவர்கள் தங்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் துழாவியிருக்கலாம். இந்த ஆட்டத்தின் மேல்மட்டப் பிரிவில் தேசிய விளையாட்டுச் சங்கமே நடத்திக் கொடுக்கும் சாம்பியன் பட்டம் என்று ஒன்று கிடையாது. பல காலம் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், யாரோ கணக்குப் போட்டு ஒரு பட்டியல் விட்டார்கள். அவரவருக்குப் பிடித்த பட்டியலைக் காட்டி அவரவர் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். 1997-இல் ஒரு ஓட்டெடுப்பு மிச்சிகன் என்றது, இன்னொன்று நெப்ராஸ்கா என்றது. அந்த நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் வீரர், யார்? சாட்சாத் ஸ்காட் ஃப்ராஸ்ட். 1941-இல் அலபாமா இரண்டு ஆட்டம் தோற்று, பத்திரிகையாளர் வரிசையில் இருபதாவது இடத்தில் முடித்தது. இன்றைக்கும் அந்த வருஷத்தைத் தன் சாம்பியன் கணக்கில் சேர்த்துத்தான் எண்ணுகிறது. இருபதாவது சாம்பியன் ஆகலாம், பன்னிரண்டாவது ஆகக் கூடாதா? மேலும், சங்கத்தின் பதிவேடு ஏற்கும் கணக்கு முறைகளில் ஒன்றான கோலி மேட்ரிக்ஸ், 2017-க்கு முதலிடம் கொடுத்தது சென்ட்ரல் புளோரிடாவுக்குத்தான்.

அலபாமாவோடு நேருக்கு நேர் மோதியிருந்தால் ஜெயித்திருப்பார்களா? என்னைக் கேட்டால், இல்லை. ‘ஆபர்னை நான் அடித்தேன், ஆபர்ன் அலபாமாவை அடித்தது, ஆகவே நான் பெரியவன்’ என்ற கணக்கு விளையாட்டில் செல்லாது. டிசம்பரில் ஜார்ஜியாவே ஆபர்னை 28-7 என்று பழி தீர்த்துக்கொண்டதே. அடுத்த சீசனிலும் தொடர்ந்து வென்று 25 ஆட்டம்வரை போன சென்ட்ரல் புளோரிடாவை, கடைசியில் எல்.எஸ்.யூ. என்னும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 40-32 என்று நிறுத்தியது. ஆனால் தோற்பான் என்பது ஒருவனை ஆடவே விடாததற்குக் காரணம் ஆகாது. 2024 முதல் பன்னிரண்டு அணிகளுக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்த விதி அன்று இருந்திருந்தால், கடைசி நாற்காலி இவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

உங்கள் கேள்வியில் ‘மோசடி’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம், வேறு இடத்தில் தேவைப்படும். இதே அணியில் டொனால்ட் டி லா ஹே என்று ஒரு கிக்கர், அதாவது பந்தை உதைப்பதற்கென்றே உள்ள வீரர், இருந்தார். யூடியூபில் வீடியோ போடுவார், விளம்பரத்தில் நாலு காசு வரும். கல்லூரி வீரன் என்ற அடையாளத்தை வைத்து மாணவன் சம்பாதிக்கக் கூடாது என்பது அப்போது சங்கத்தின் விதி. அந்த அடையாளம் தெரியும் வீடியோக்களில் காசு பார்க்கக் கூடாது என்றார்கள். அவர் மறுத்தார். 2017 ஜூலையில், சீசன் தொடங்குவதற்கு முன்பே, ஆடும் தகுதி போயிற்று, கல்வி உதவித்தொகையும் போயிற்று. ஆறு மாதம் கழித்து, தாங்களே சூட்டிக்கொண்ட சாம்பியன் பட்டத்தைக் காட்டிப் பயிற்சியாளர்களுக்குப் போனஸ் கொடுத்தார்கள். ஓடி விழுந்து எலும்பை நொறுக்கிக்கொண்ட பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க விதி இடம் தரவில்லை.

மாணவன் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்ற தடையைச் சங்கமே 2021-இல் கைவிட்டது. டி லா ஹேக்கு அது நாலு வருஷம் தாமதம்.