மைனிங்கில் ஓடிய கார்டு, கருகிய வயர், உப்பிய பேட்டரி: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இருபது ஆண்டுகளாகச் சென்னை ரிச்சி தெருவுக்கு அருகில் கணினிப் பலகைகளைப் பழுது பார்த்துவருகிறேன். கிரிப்டோ மைனிங்கில் (கணினியில் ஓயாமல் கணக்குப் போட்டு மின்னணு நாணயம் ஈட்டும் முறை) ஓடிய கருவிகளைப் பற்றி ஐயம் இருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை அடியோடு கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமல் போயிற்று. அவை அன்று தொட்டுப் பழைய பொருள் சந்தையில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

கோவை, கல்லூரி மாணவர்: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அரை மணி நேரம் ரெண்டரிங் (படங்களை உருவாக்கும் வேலை) ஓடினால் வேகம் சரிந்துவிடுகிறது. வெப்பம் 67 டிகிரிதான் காட்டுகிறது. விற்றவர் “கார்டில் கோளாறே இல்லை, உங்கள் கணினியைப் பாருங்கள்” என்கிறார்.

தம்பி, 67 என்பது நடுவில் இருக்கும் முக்கிய சிப்பின் வெப்பம். உங்கள் கார்டில் நோவு அங்கே இல்லை, அதைச் சுற்றியிருக்கும் மெமரி சிப்புகளில் இருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து ‘மெமரி ஜங்ஷன்’ என்ற வரியைப் பாருங்கள். அது 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அறிகுறி அச்சு அசலாக அதுதான்.

ஏன் மெமரி மட்டும் அடிவாங்குகிறது? எத்தீரியத்தின் மைனிங் கணக்கு மெமரியை நம்பியே வடிவமைக்கப்பட்டது. விடையைத் தேடும் ஒவ்வொரு முயற்சிக்கும் மெமரியிலிருந்து 8 கிலோபைட் அளவுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க வேண்டும். 3080 விநாடிக்குச் சுமார் 9 கோடி முயற்சிகள் செய்யும். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 700 ஜிபிக்கு மேல் வருகிறது. அந்தக் கார்டின் மெமரிப் பாதை தாங்கும் உச்சமே 760 ஜிபிதான். அதாவது, மெமரி ஒரு நொடிகூட மூச்சு வாங்கவில்லை. மின்செலவைக் குறைப்பதற்காக மைனர்கள் முக்கிய சிப்பின் மின்சாரத்தை இறக்கிவைப்பார்கள். அதனால் அது சொகுசாகவே இருந்திருக்கும். நீங்கள் பார்த்த 67 டிகிரி பொய்யில்லை, ஆனால் அது பாதி உண்மை.

சென்ற மாதம் இதே மாதிரிக் கார்டு ஒன்றின் ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தூக்கினேன். பத்து மெமரி சிப்புகளின் மேலும் இருந்த தெர்மல் பேட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை), நாள்பட்ட ரப்பர் போல விரல் பட்டதும் பொடிந்தது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் பலகை முழுவதும் பரவி, பளபளவென்று, தூசியைப் பிடித்துவைத்திருந்தது. பேட்டின் எண்ணெய் வெளியேறிவிட்டால் அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. பேட்டை மாற்றி, முக்கிய சிப்புக்குப் புதுப் பேஸ்ட் தடவியதும், அதே சோதனையில் மெமரி வெப்பம் 110-லிருந்து 88-க்கு வந்தது.

நீங்களே செய்வதானால் ஒன்றை மறக்காதீர்கள். பேட்டின் தடிமன் உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் முக்கிய சிப்பின் மேல் சரியாக உட்காராது. பிறகு இதுவரை நன்றாக இருந்த சிப்பும் கொதிக்கத் தொடங்கும். 3090 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்தக் கார்டில் பாதி மெமரி சிப்புகள் பலகையின் பின்பக்கம் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும் பேட் மாற்றிவிட்டுப் பலன் இல்லையே என்று வராதீர்கள்.

மதுரை வாசகர்: அப்படியானால் மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். சிப்புக்கும் பலகைக்கும் இடையிலுள்ள ஈயப்பற்றுகளை வாட்டுவது, சூடாவதும் குளிர்வதும் மாறி மாறி வருவதுதான். விளையாட்டுக்குப் பயன்படும் கார்டு ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும். மைனிங் கார்டு மாதக்கணக்கில் ஒரே வெப்பத்தில் நிற்கும். அந்த வகையில், காற்றோட்டமுள்ள இடத்தில் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டப்பட்ட கார்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் புழுங்கிய கார்டைவிட நல்ல நிலையில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

உறுதியாகத் தேய்ந்திருப்பது மின்விசிறி. இரண்டாண்டு இடைவிடாமல் சுற்றினால் பதினேழாயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிடும். கார்டை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் மெல்லச் சுண்டுங்கள். சிக்காமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் விலையில் குறைத்துக் கேளுங்கள். விசிறி கிடைக்கும், மாற்றிவிடலாம். விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, மெமரி வெப்பத்தையும் பாருங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: ஐயா, என் தம்பி ஆறு கார்டுகளை வைத்து மைனிங் ஓட்டிய சட்டகத்தில் ஒரு வயர் கருகி, பிளக் உருகி ஒட்டிக்கொண்டது. பவர் சப்ளை 1,200 வாட்ஸ். சுமை அதற்குக் குறைவுதான். எப்படிக் கருகும்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. இது வீட்டையே எரிக்கக்கூடிய தவறு, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பவர் சப்ளையின் மொத்தத் திறன் வேறு, ஒரு பிளக் தாங்கும் அளவு வேறு. பல கார்டுகளைத் தனித்தனியாக நிறுத்துவதற்கு ரைசர் என்ற சிறு பலகை பயன்படுகிறது. மதர்போர்டு ஸ்லாட் தரவேண்டிய மின்சாரத்தை இந்த ரைசர்தான் கார்டுக்குக் கொடுக்கிறது. கார்டு அந்த ஸ்லாட் வழியாக 75 வாட்ஸ் வரை இழுக்கலாம்; அதில் 66 வாட்ஸ் 12 வோல்ட் பக்கம். ரைசருடன் வரும் வயரின் மறுமுனை பெரும்பாலும் சாட்டா பிளக். அது ஹார்ட் டிஸ்குக்காகச் செய்யப்பட்டது. 12 வோல்ட்டுக்கு அதில் மூன்று மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் தாங்குவது ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட்ஸ். 54 தாங்கும் இடத்தில் 66 ஓடலாம் என்றால், அதுவும் நாள் முழுவதும் ஓடினால், என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் சிலர் ஒரே சாட்டா வயரில் இரண்டு ரைசர்களை மாட்டுகிறார்கள்.

என் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட பிளக் ஒன்று இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகி, குமிழிட்டு, உள்ளிருந்த தகடு வெளியே எட்டிப் பார்க்கிறது. கருகுவதற்குப் பல நாட்கள் முன்பே மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் வந்ததாக அதைக் கொண்டுவந்தவர் சொன்னார். அந்த நாற்றம் வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், காரணத்தைப் பிறகு தேடுங்கள்.

ரைசரில் ஆறு முனை பிளக் இருந்தால் அதைப் பவர் சப்ளையின் அசல் பிசிஐஇ வயரிலிருந்து (கிராபிக்ஸ் கார்டுக்கென்றே வரும் வயர்) நேரடியாக மாட்டுங்கள். அது 75 வாட்ஸுக்கென்றே செய்யப்பட்டது. உங்கள் தம்பியின் கருகிய ரைசரையும் வயரையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம். அந்த வரிசையில் இருந்த கார்டைச் சோதிக்காமல் வேறு கணினியில் செருகவும் வேண்டாம்.

திருச்சி, பள்ளிக் கணினி ஆசிரியை: எங்கள் ஆய்வகத்தில் முப்பது கணினிகள். இந்தக் கோடையில் மட்டும் நான்கில் பவர் சப்ளை போய்விட்டது. காலையில் வந்து பார்த்தால் அறையே அனலாக இருக்கிறது. எந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

அம்மா, உங்கள் கணினிகளில் வேறு யாரோ மைனிங் ஓட்டுகிறார்கள் என்பதே என் வலுவான சந்தேகம். மோனேரோ என்ற கிரிப்டோ நாணயம் 2019 நவம்பரில் மாறிக்கொண்ட முறை சாதாரணப் பிராசசருக்கே ஏற்றது. அதனால் கிராபிக்ஸ் கார்டே இல்லாத கணினியும் திருடர்களுக்கு லாபம். இத்தகைய நிரல்களில் பல, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். மூடியதும் மீண்டும் வேலையைத் தொடங்கும். அதைத் திறக்கும் நொடியில் விசிறியின் இரைச்சல் இறங்குகிறதா என்று காதால் கேளுங்கள். அதைவிட நம்பகமான சாட்சி இல்லை.

இரவில் ஏசி அணைந்து, சன்னல் சாத்தியிருக்கும். கணினிக்கு நூறு வாட்ஸ் என்று வைத்தாலும் முப்பதுக்கும் சேர்த்து மூன்று கிலோவாட்ஸ். மூடிய அறையில் மூன்று இஸ்திரிப் பெட்டிகளை விடியும்வரை போட்டுவைத்ததற்குச் சமம். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களுக்கு (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகங்கள்) வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நான்கு போனதில் வியப்பில்லை. பவர் சப்ளையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் மீதியும் வரிசையாகப் போகும். எல்லாக் கணினிகளையும் இணையத்திலிருந்து பிரித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். உரிமமில்லாத மென்பொருளுக்காக யாராவது ‘ஆக்டிவேட்டர்’ போட்டார்களா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை இது நுழையும் வாசல் பெரும்பாலும் அதுதான்.

கைப்பேசியும் விலக்கில்லை. 2017 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தினர் லோவாப்பி என்ற ஆண்ட்ராய்டு வைரஸைச் சோதித்தபோது, அது மறைவாக ஓட்டிய மைனிங்கின் சுமையில் இரண்டே நாளில் பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளிவிட்டது.

சேலம் வாசகர்: ஒரு டிபி எஸ்எஸ்டி பாதி விலைக்குக் கிடைத்தது. சியா நாணயத்துக்குப் பயன்பட்டதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். சியாவும் ஒரு கிரிப்டோ நாணயம்தான்; ஆனால் அது கணக்கிடுவது வட்டில் கோப்புகளால் நிரப்பிய இடத்தை. 109 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பைத் தயாரிக்க, 2021-இல் அது தொடங்கிய காலத்து மென்பொருள் ஒன்றரை டெராபைட் அளவுக்குத் தற்காலிகமாக எழுதி அழிக்கும். நல்ல ஒரு டிபி எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எழுதும் வரம்பு 600 டெராபைட். நாளுக்குப் பத்துக் கோப்பு என்றால் நாற்பதே நாளில் தீர்ந்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ‘மொத்த எழுத்து’ (இதுவரை எழுதிய அளவு) என்ன என்று பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேலூர் வாசகர்: ஆர்எக்ஸ் 580 கார்டு. திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுவினால் கணினி உறைகிறது.

முதலில் பயாஸைச் (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) சந்தேகியுங்கள். மெமரியை முடுக்க மைனர்கள் அதைத் திருத்தி எழுதியிருப்பார்கள். கார்டின் விளிம்பில் சிறு சுவிட்ச் இருந்தால் மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். பல மாடல்களில் இரண்டாவது பயாஸ் உண்டு. இல்லையென்றால் உங்கள் கார்டின் அதே மாடலுக்கும் அதே மெமரி நிறுவனத்துக்கும் உரிய அசல் பயாஸை எழுத வேண்டும். அப்போதும் கோடுகள் இருந்தால் மெமரி சிப்பே பழுது.

திருப்பூர் வாசகர்: பிட்காயின் மைனிங் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்9 ஒன்றில் மூன்று பலகைகளில் ஒன்று வேலை செய்யவில்லை.

ஒரு பலகையில் 63 சிப்புகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று போனால் பலகை முழுவதும் ஊமையாகும். எந்தச் சிப் என்று கண்டுபிடித்து மாற்றலாம். ஆனால் 2016-ஆம் ஆண்டு இயந்திரம், 1,300 வாட்ஸ் குடிக்கும். பழுதுக்கான கூலியை நான் வாங்கினால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். விட்டுவிடுங்கள்.

சென்னை, திருவொற்றியூர் வாசகர்: ஓராண்டாக மூட்டைகட்டி வைத்திருந்த நான்கு மைனிங் கார்டுகள் உறவினரிடமிருந்து வந்தன. வைக்கும்போது ஓடியவைதான். மாட்டியதும் ஒன்று செத்துவிட்டது. யூடியூபில் சமையல் ஓவனில் வைத்துச் சுடச் சொல்கிறார்கள்.

ஓவன் வேண்டவே வேண்டாம். சமையல் செய்யும் அடுப்பில் ஈயமும் ஃபிளக்ஸும் (பற்றவைக்க உதவும் பசை) புகைய விடாதீர்கள். அதில் உயிர் வந்தாலும் சில வாரங்களுக்குத்தான்.

உங்கள் ஊர் கடலோரம் என்பதால் இதைச் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ஆர்எக்ஸ் 6000 வகைக் கார்டுகள் 61 வந்தன. அவற்றில் 48-இல் முக்கிய சிப்பே விரிசல் விட்டிருந்தது. முதலில் டிரைவர்மீது பழி விழுந்தது. பிறகு, அவை மைனிங்கில் ஓடிப் பின்னர் ஈரப்பதமான இடத்தில் வைக்கப்பட்டிருந்தவை என்றே அவர் முடிவுக்கு வந்தார். சிப்பின் உறைக்குள் ஊறிய ஈரம், திடீர்ச் சூட்டில் ஆவியாகி உப்பி உள்ளிருந்தே பிளக்கும்.

மீதி மூன்றையும் இப்போது மாட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் நிறையச் சிலிக்கா ஜெல்லுடன் சில வாரங்கள் இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக, முதல் சில மணி நேரம் சுமை ஏதும் தராமல் வெறும் திரையை மட்டும் காட்டவிடுங்கள். செத்ததை என்னிடம் கொண்டுவாருங்கள். விரிசலா, வெறும் மின்பாதைப் பழுதா என்று லென்ஸில் பார்த்துச் சொல்கிறேன். பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.