எட்டு ஆண்களும் நானும்: போக்கர் மேஜையிலிருந்து கேள்வி பதில்

ஒன்பது வருடமாக போக்கர் விளையாடுகிறேன். பெரும்பாலும் கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில். லாஸ் வேகாஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். சொந்த ஊர் கரூர், பிழைப்பு பெங்களூரில் ஒரு தணிக்கை அலுவலகம். இதுவே முழுநேரத் தொழில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஒரு பெண்ணுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாண வீட்டு மாடியில் ஜமக்காளம் விரித்து மாமா, சித்தப்பா எல்லாம் விடிய விடிய ரம்மி ஆடுவார்கள் இல்லையா? அங்கே காபி கொண்டுபோகிற வேலை என்னுடையது. டம்ளரை வைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். யார் ஜோக்கர் வைத்திருக்கிறார், யார் சும்மா சிரிக்கிறார் என்று பதிமூன்று வயதில் கண்டுபிடித்துவிடுவேன். கையில் சீட்டைக் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. போக்கர் பிற்பாடு, அலுவலக நண்பர்கள் மூலம் வந்தது.

ஆண்களோடு உட்கார்ந்து ஆடும்போது உண்மையில் என்ன வித்தியாசம்? சீட்டுக்கு ஆண், பெண் தெரியாதே?

சீட்டுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்த அந்த நொடியே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு என்ன என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் அரைமணி நேர வேலை.

பொதுவாக இரண்டு ரகம். 'பொம்பளை பயந்து பயந்துதான் ஆடுவாள், பணம் போட்டால் கையில் சரக்கு இருக்கிறது' என்று நினைப்பவர் ஒரு ரகம். 'ஒரு பொம்பளை என்னைத் தூக்கவிடுவதா' என்று எதற்கும் விட்டுக்கொடுக்காதவர் இன்னொரு ரகம். முதல் ரகத்திடம் பிளஃப் அடிக்கலாம், அதாவது நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பணம் போட்டு விரட்டலாம். இரண்டாம் ரகத்திடம் பிளஃப் அடித்தால் நாசம். நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் பெரிதாகக் கேட்க வேண்டும். கொடுப்பார்.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். கோவாவில் ஒரு டோர்னமென்ட், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் போடும் பந்தயம்) 500/1000. என் கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9, ஆட்டின் 8. பட்டன் என்ற இடத்திலிருந்து 2,500-க்கு ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை உயர்த்தினேன். 1,000 கட்டிய பிக் பிளைண்ட் இடத்தில் ஹைதராபாத்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும். இரண்டு மணி நேரமாக எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். கால் செய்தார், அதாவது அதே தொகையை அவரும் போட்டார். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ராஜா, 7, 2. மூன்றும் வேறு வேறு ஜாதி, எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. 3,000 போட்டேன், கால். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஒரு 3. இருவரும் செக் (பணம் போடாமல் விடுவது). ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) ஆஸ். அவர் செக் செய்தார். நான் 9,000 சிப்ஸை இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தார். நான் வளையலைச் சரிசெய்துகொண்டேன். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, ராஜாவும் ஜாக்கியும் இருந்த சீட்டைத் திறந்து காட்டிவிட்டு, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். "பேட்டி (இந்தியில் மகளே), உன்னிடம் ஆஸ் இருக்கிறது, எனக்குத் தெரியும்." நான் தலையை மட்டும் ஆட்டினேன். என்னிடம் இருந்தது வெறும் ஒன்பது. அதற்குப் பிறகும் அவர் பாடம் எடுப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

இது எப்போதும் பலிக்காது. இப்போது வருகிற இருபத்தைந்து வயதுப் பையன்கள் எப்போது எப்படி ஆடுவது சரி என்று கணக்குப் போட்டுக் காட்டும் சால்வர் மென்பொருளில் படித்துவிட்டு வருகிறார்கள். நான் பெண்ணா, பேயா என்றெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை. நேர்மையாக அடிக்கிறார்கள். அவர்களிடம் தோற்றால் வருத்தமே வருவதில்லை.

தனியாக கோவா போவது பாதுகாப்பா? என் தங்கை போக வேண்டும் என்கிறாள்.

வயது 21 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும். படகுத்துறையிலிருந்து சின்னப் படகில் கப்பலுக்குக் கூட்டிப்போவார்கள். உள்ளே கேமரா இல்லாத மூலை கிடையாது, அதனால் மேஜையில் ஆபத்து குறைவு. கவனம் வேண்டியது விடிகாலை நான்கு மணிக்குக் கரைக்குத் திரும்பும்போது. அறையைப் பஞ்சிமிலேயே (பணஜி), படகுத்துறைக்குப் பக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஜெயித்த பணத்தை ரொக்கமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டாம். வங்கிக் கணக்கில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

தொந்தரவு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கேசினோவில் பக்கத்து நாற்காலிக்காரர் என் நாற்காலி முதுகில் கையைப் போட்டபடியே இருந்தார். நகர்ந்தேன், கையும் நகர்ந்தது. மேலாளரிடம் சொன்னேன். "குடித்திருக்கிறார் மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். அன்றைக்கு அட்ஜஸ்ட் செய்தேன், இன்றும் அது உறுத்துகிறது. இப்போதெல்லாம் காதில் கிசுகிசுப்பதில்லை. மேஜை முழுக்கக் கேட்கும்படி "டீலர், ஃப்ளோரைக் கூப்பிடுங்கள்" என்பேன் (டீலர் சீட்டுப் போடுபவர், ஃப்ளோர் மேற்பார்வையாளர்). ஆட்டம் நிற்கும், எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், கை தானாக இறங்கிவிடும்.

இன்னொன்று, இது சிரிப்புதான். பல டீலர்களுக்கு "ஆக்‌ஷன் ஆன் யூ, சார்" (உங்கள் முறை, சார்) என்றே பழகிப்போய்விட்டது. டீலரும் பெண், நானும் பெண். இருந்தும் நான் சார்தான்.

பெண்களுக்கென்று தனி டோர்னமென்ட் எதற்கு? இது குத்துச்சண்டையா?

நானும் முதலில் இப்படித்தான் கேட்டேன். வேகாஸில் நடக்கும் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற பெரிய போட்டித் தொடரில் 1977-லிருந்து பெண்கள் போட்டி உண்டு. சட்டப்படி ஆண்களைத் தடுக்க முடியாது என்பதால் சிலர் வேண்டுமென்றே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். 2013-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், பெண்களுக்கு 9,000 டாலர் தள்ளுபடி! நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி தோற்றுப்போகும்.

அங்கே ஒருமுறை ஆடினேன். தரம் குறைவெல்லாம் இல்லை. ஆனால் மேஜையில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒருவர் பின்னல் போட்டுக்கொண்டே ஆடினார், என்னைத் தோற்கடித்து அனுப்பியவரும் அவர்தான். முதன்முதலாக கேசினோவுக்குள் வரும் பெண்ணுக்கு இது நல்ல வாசல். அதிலேயே தங்கிவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய போட்டிகளில் பெண்கள் எவரேனும் ஜெயித்திருக்கிறார்களா, அல்லது சும்மா பேச்சா?

பார்பரா என்ரைட் 1995-இல் வேர்ல்டு சீரிஸின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்ட்டின் கடைசி மேஜை வரை போய் ஐந்தாவதாக வந்தார். கையில் இரண்டு எட்டோடு ஆல்-இன் (இருக்கிற சிப்ஸ் முழுவதையும் போடுவது), எதிரே இருந்தவரிடம் வெறும் 6-3. ஃப்ளாப்பிலேயே அந்த எதிராளிக்கு இரண்டு ஜோடி விழுந்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்த மேஜைக்கு அடுத்த பெண் வர முப்பது வருடம் ஆனது: 2025-இல் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ், ஏழாவது இடம், 15 லட்சம் டாலர். வேகாஸ் மெயின் ஈவென்ட்டை இதுவரை எந்தப் பெண்ணும் வென்றதில்லை.

எனக்குப் பிடித்தவர் நார்வேயின் ஆனெட் ஓப்ரெஸ்டாட். 2007-இல் லண்டனில் நடந்த வேர்ல்டு சீரிஸ் யூரோப் மெயின் ஈவென்ட்டை வென்று 10 லட்சம் பவுண்டு வாங்கினார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். வேகாஸ் கேசினோவில் உட்கார இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டிய வயது! வனெஸ்ஸா செல்ப்ஸ்ட் 2014-இல் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கே போனார், பெண்கள் பட்டியலில் அல்ல, மொத்தப் பட்டியலில். நம் நாட்டிலிருந்து நிகிதா லூதர் 2018-இல் குழுவாக ஆடும் டேக் டீம் போட்டியில் வென்று, வெற்றியாளருக்குத் தரும் வேர்ல்டு சீரிஸ் பிரேஸ்லெட்டை வாங்கினார்.

நேராகக் கேட்கிறேன், மாதம் எவ்வளவு வரும்?

மாதக் கணக்கே கிடையாது. டோர்னமென்ட்டில் நூறு பேர் உட்கார்ந்தால் பன்னிரண்டு, பதினைந்து பேருக்குத்தான் பணம். அதிலும் பெரிய பங்கு முதல் மூவருக்கு. நன்றாக ஆடியும் ஏழு மாதம் தொடர்ந்து வெறுங்கையோடு பெங்களூர் பஸ் ஏறியிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டாவதாக வந்து எல்லாவற்றையும் ஈடுகட்டினேன். ஒன்பது வருடத்தையும் கூட்டிக் கழித்தால் லாபம்தான், ஆனால் சம்பளத்தோடு ஒப்பிட வெட்கமாக இருக்கும்.

வரி வேறு. வென்ற தொகைக்கு 30 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி. வேறு போட்டியில் தோற்றதைக் கழிக்க விடமாட்டார்கள். அதாவது வருடக் கடைசியில் மொத்தமாக நஷ்டப்பட்டவரும் வரி கட்ட நேரும். தணிக்கைக்காரி சொல்கிறேன், ஒவ்வொரு ரசீதையும் எடுத்துவையுங்கள். வேகாஸில் இந்தியர் வென்றால் அங்கேயே 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

போட்டி ஒன்றுக்கு ஆகும் செலவைப்போல நூறு மடங்கு, தொலைந்தாலும் வாழ்க்கை நிற்காத பணமாகக் கையில் இருந்தால் ஆடுங்கள். இல்லையென்றால் சின்ன மேஜைக்குப் போங்கள்.

ஆன்லைனில் பழகலாமா?

பணம் வைத்து முடியாது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று பிரிக்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. வெளிநாட்டுத் தளம், அந்த வழி, இந்த வழி என்று யாராவது சொன்னால் கிட்டே போகாதீர்கள். பணமில்லாத விளையாட்டுச் சிப்ஸில் விதிகளைப் பழகலாம், அவ்வளவுதான்.

மேடம், என் கணவர் ரம்மி ஆப்பில் நகையெல்லாம் தோற்றார். நீங்கள் இதைப் பெருமையாக எழுதுவது எனக்குக் கோபமாக வருகிறது.

கோபப்படுங்கள், நியாயம்தான். திறமை ஆட்டம் என்று நாங்கள் சொல்வது உண்மை. ஆனால் திறமை இருக்கிறவர் ஜெயிக்க, இல்லாதவர் தோற்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நான் வென்ற பணம் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வந்ததுதான். அதை நினைக்காமல் ஆடுகிறேன் என்று சொன்னால் பொய். கண் முன்னால் ஒருவர் நிதானம் இழந்து மறுபடி மறுபடி பணம் கட்டுவதைப் பார்த்து இரண்டு முறை மேஜையை விட்டு எழுந்திருக்கிறேன். எழாத இரவுகள் அதைவிட அதிகம். உங்கள் கணவருக்கு இப்போது வேண்டியது அறிவுரை அல்ல, மனநல மருத்துவர். பெரிய அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடியைப் போலவே இதற்கும் சிகிச்சை உண்டு. வீட்டுக் கணக்கை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

கணவருக்குத் தெரியும். மாமியாருக்கு 'கோவாவில் ஆடிட்'. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் பக்கத்து வீட்டில் 'கம்ப்யூட்டர் போட்டி' என்று சொல்லியிருக்கிறாள். எது ஜெயித்தாலும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்கே சாப்பாடு எப்படி?"

முதல் முறை போகிறேன். என்ன எடுத்துப் போகட்டும்?

கனமான சால்வை. ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஏசி வைப்பார்கள், பத்து மணி நேரம் அசையாமல் இருந்தால் விரல் விறைத்துவிடும். நடுங்கும் கையைப் பார்த்து உங்களிடம் ஆஸ் ஜோடி இருப்பதாக நினைத்து எல்லோரும் சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுவார்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். வேகாஸில் இடைவேளை இருபது நிமிடம்தான், ஆண்கள் கழிவறை வரிசை தாழ்வாரம் முழுக்க நீளும். நம் பக்கம் காலியாக இருக்கும்.