செடி வளர்க்கும் மீன் தொட்டியில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, திடீரென்று சாகின்றன. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால்: இரண்டடித் தொட்டி, நெருக்கமாகச் செடி, செடிக்காக கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், லைட்டுக்கும் கேஸுக்கும் தனித்தனி டைமர். அம்மோனியா டெஸ்ட் பூஜ்யம். ஒரு வாரமாக விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. நேற்று நியான் டெட்ராக்களில் பாதி செத்துக் கிடந்தன. இந்த வாரம் அடிக்கடி கரண்ட் போனது. கடைக்காரர் மெத்திலீன் புளூ கொடுத்திருக்கிறார்.

அதை ஊற்றாதீர்கள். நோயே எது என்று தெரியாதபோது அந்த மருந்து செடியைக் கெடுக்கும், ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவையும் பதம் பார்க்கும். இப்போதைக்கு கேஸை மூடிவிட்டு ஏர் பம்பை ஓடவிடுங்கள். ஃபில்டரில் தண்ணீர் வெளியே வரும் வாயைத் தூக்கி, மேல்தண்ணீர் நன்றாக அலையும்படி வையுங்கள். குளோரின் எடுத்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். ஓரிரு மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கினால் பிரச்சினை பெரும்பாலும் வாயுவில்தான், கிருமியில் இல்லை.

இப்படிப்பட்ட கேள்விக்கு டெஸ்ட் கிட் ரிசல்ட்டை விட ஒரு விஷயம்தான் எனக்கு முதலில் வேண்டும்: எத்தனை மணிக்கு மூச்சு வாங்குகின்றன? லைட் எரிந்து பல மணி நேரம் கழித்து, மாலையில் மேலே வந்தால், பெரும்பாலும் கேஸ் அதிகம். விடியற்காலையில் மோசமாக இருந்து, லைட் போட்டதும் தேறினால், இரவில் ஆக்சிஜன் போதவில்லை. தண்ணீர் மாற்றிய சிறிது நேரத்தில் என்றால், அந்தத் தண்ணீரில்தான் கோளாறு. இருபத்து நாலு மணி நேரமும் என்றால் நைட்ரைட் (அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நச்சு) அல்லது செவுள் நோய் பக்கம் பார்க்க வேண்டும்.

உங்களுடையது விடியற்காலை. அதனால் எனக்கு அந்த டைமர் மேல்தான் சந்தேகம். கேஸுக்குப் போட்டிருப்பது வட்டமாகச் சுழலும் பழைய வகை டைமரா? கரண்ட் போனால் அது நின்றுவிடும்; வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம் கரண்ட் போயிருந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு மூட வேண்டிய கேஸ் ராத்திரி பதினொன்று வரைக்கும் போகும். லைட் டைமர் பேட்டரி உள்ள டிஜிட்டல் என்றால் அது சரியான நேரத்தில் அணைந்துவிடும். இருட்டில் செடி கேஸை எடுத்துக்கொள்ளாது. அதுவும் ஆக்சிஜனைக் குடித்து கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும். போதாததற்கு சிலிண்டர் கேஸ் வேறு. மீனுக்கு இரண்டு பக்கமும் அடி.

இலையில் முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழி நிற்கும்போதே மீன் ஏன் திணறுகிறது என்று பலர் குழம்புவார்கள். ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு செவுள் வழியாகத் தண்ணீருக்குள் வெளியேற வேண்டும். தண்ணீரிலேயே அது மிகுந்திருந்தால் ரத்தத்தில் தங்கிப்போகும், ரத்தம் அமிலமாகும், ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சரியாகப் பிடிக்க முடியாது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டும்.

டிராப் செக்கரை (தண்ணீரில் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் சின்னக் குடுவை) மட்டும் நம்பாதீர்கள். அதற்குள் 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசல் இருந்தால்தான் பச்சை நிறத்துக்கு அர்த்தம் உண்டு (சுமார் 30 பிபிஎம்); சிலர் தொட்டித் தண்ணீரையே ஊற்றி வைத்திருப்பார்கள். சரியாக இருந்தாலும் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதைவிட, ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து அதன் பிஎச் பாருங்கள். கேஸ் ஓடும் நேரத்தில் தொட்டியின் பிஎச்சையும் பாருங்கள். ஒரு புள்ளி குறைவு என்றால் வாயு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று கணக்கு. அதற்கு மேல் பிஎச்சை இறக்க வேண்டாம்.

அப்புறம் மேல்படலம். தண்ணீர் மேல் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பரப்பி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்காக வந்தால், காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மூடி இருக்கிறது. வெயில் காலம் வேறு: 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகமாக ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 7.3 தான். நியான் டெட்ரா குளிர்ச்சியை விரும்பும் மீன், முதலில் விழுவது அதுதான். அதே தொட்டியில் கௌராமியோ பெட்டாவோ தெம்பாக இருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்ற சந்தேகம் வலுக்கும். அவை மேல்காற்றை நேரடியாக விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும்.

டைமர் சரியாக இருந்தால் செத்த மீனைப் பார்க்க வேண்டும். செத்த உடனே செவுள் மூடியைத் தூக்குங்கள். சாக்லேட் நிறத்தில் இருந்தால் நைட்ரைட். அம்மோனியா பூஜ்யம் என்பதால் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று ஆகாது, தனியாக டெஸ்ட் செய்யுங்கள். செவுள் சிவப்பாகவே இருந்து, மீன் முன்பு கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால் செவுள் புழுவை யோசிக்கலாம்.

இரண்டு வீட்டுச் சமாச்சாரம். அபார்ட்மென்ட்டில் மேல்தொட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அந்த நாளில் வழக்கமான அளவு ஆன்டி குளோரின் போதாது. கொசு மருந்து அடித்தீர்களா? அதில் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம், ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. இறாலும் மீனும் சேர்ந்து செத்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

ஏர் பம்ப் ஓடி மீன்கள் தேறிய பிறகு, கேஸைக் குறைத்துத் திறந்துவிட்டு, லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து பபிள் கவுண்டரை (கேஸ் குமிழி குமிழியாகப் போவதைக் காட்டும் சின்னக் குழாய்) பாருங்கள். குமிழி வந்துகொண்டிருந்தால் உடனே கேஸை மூடிவிட்டு, நாளைக்கே டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். லைட் அணைய ஒரு மணி நேரம் முன்பே கேஸ் நிற்கும்படி வையுங்கள். குமிழி நின்றிருந்தும் மீன்கள் திரும்ப மேலே வந்தால், நைட்ரைட் அளவையும் காலைத் தண்ணீரின் வெப்பநிலையையும் பின்னூட்டத்தில் போடுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.