உகுயிசுவும் மூன்றாவது வரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கணவரின் வேலைக்காக யோகொஹாமா வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே வந்த பிறகுதான் ஹைக்கூ எழுதத் தொடங்கினேன். இந்தப் பிப்ரவரியில் குளிர் தாங்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அம்மா வசந்தம் வந்துவிட்டது என்கிறார். அதைக் கேட்டுத்தான் கீழே உள்ளவற்றை எழுதினேன். ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர், மூன்றாவது வரியில் திருப்பம் இல்லாவிட்டால் ஹைக்கூவே இல்லை என்கிறார். இங்குள்ள தோழி பதினேழு அசை கட்டாயம் என்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இவற்றோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து கோடைக்குள் ஒரு சிறு தொகுப்பு போட ஆசை.

பனி உருகுகிறது
குயில் கூவுகிறது
என் மனதில் வசந்தம்

கடை வாசலில்
தகைவிலான் கூடு
வாடகை கேட்காத மனிதம்!

குப்பை வண்டி வரும் நாள்
மூங்கில் புதருக்குள்
சக், சக்

கடைசியை ஏன் எழுதினேன் என்றே தெரியவில்லை. காலையில் குப்பை போடப் போனபோது கேட்ட சத்தம், அவ்வளவுதான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றில் கடைசிதான் கவிதை. நீங்கள் சந்தேகப்படுவதும் அதைத்தான் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிப்ரவரியில் மூங்கில் புதருக்குள்ளிருந்து வரும் அந்த 'சக், சக்' அநேகமாக உகுயிசுவாகத்தான் இருக்கும். பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த, பார்வைக்கு எடுப்பில்லாத சின்னப் பறவை. கண்ணில் படுவது அபூர்வம், குரலை வைத்துத்தான் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க இப்படித் துண்டு துண்டாகச் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும், ஜப்பானிய மரபில் அந்தச் சத்தத்துக்கே ஸஸநகி என்று பெயர் வைத்துக் குளிர்காலக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் அதே புதரிலிருந்து 'ஹோ... ஹொகெக்யோ' என்று நீளமாக ஒரு பாட்டு வரும். முதலில் சரியாக வராது, பாதியில் உடையும், 'ஹோ' மட்டும் வந்து நின்றுபோகும், நாள் போகப் போகத்தான் திருந்தும். வருடத்தின் முதல் பாட்டுக்கு ஹட்சுனே என்று தனிப் பெயர், அது வசந்தத்துக்கு உரியது. ஆக, நீங்கள் குப்பைப் பையோடு நின்று கேட்டது குளிர்காலத்தின் கடைசிச் சத்தங்களில் ஒன்று. எதையும் விளக்காமல் நிறுத்திவிட்டீர்கள், அதுதான் அந்தக் கவிதையின் பலம், அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொல்வது சரி. அங்கே மரபான நாட்காட்டியில் வசந்தம் பிப்ரவரி 4 வாக்கில் தொடங்கிவிடுகிறது, குளிர் உச்சத்தில் இருக்கும்போதே. வருடத்தை ஏறக்குறைய ஐந்தைந்து நாளாக 72 துண்டுகளாகப் பிரித்த கணக்கு ஒன்று உண்டு. சீனாவிலிருந்து வந்ததை 17ஆம் நூற்றாண்டில் ஷிபுகாவா ஷுன்கை என்ற வானியலாளர் ஜப்பானுக்கு ஏற்ற மாதிரி திருத்தினார். அதில் வசந்தத்தின் முதல் துண்டு கீழைக்காற்று பனிக்கட்டியை உருக்குவது, இரண்டாவதே உகுயிசு பாடத் தொடங்குவது. மார்ச் கடைசியில் சிட்டுக்குருவி கூடு கட்டும், ஏப்ரல் தொடக்கத்தில் வலசைப் பறவையான தகைவிலான் வரும், அடுத்த துண்டிலேயே காட்டுவாத்துகள் வடக்கே கிளம்பிவிடும். செர்ரி பூத்து எல்லோரும் பாய் விரித்து உட்காருகிற வசந்தம் இதற்கெல்லாம் நடுவில் வருவது. முதல் அறிகுறி என்பது கோட்டைக் கழற்ற முடியாத காலத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் இருக்கும். அந்தச் சந்தேகத்தோடேயே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது முதல் கவிதை. யோகொஹாமாவில் நம் குயில் கூவாது. குயிலின் உறவுக்காரப் பறவையான ஹொதொதொகிசு அங்கே மே மாதம்தான் வந்து சேரும், ஹைக்கூவில் அது கோடைக்குச் சொந்தம். பனி உருகுவதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் ஊரில் பனி விழுந்து தங்குவதே அபூர்வம். ஊரிலிருந்து கொண்டுபோன குயிலையும் வாழ்த்து அட்டையில் வரும் பனியையும் சேர்த்து வைத்து, இரண்டும் ஒட்டவில்லை என்பதால் 'என் மனதில் வசந்தம்' என்று ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறீர்கள். இதை விட்டுவிடுங்கள்.

பருவத்தையும் பறவையையும் சேர்த்துச் சொல்வது நமக்கு அந்நியமானது இல்லை. பொழுது முதற்பொருள், பறவை கருப்பொருள் என்று திணையின் அடிப்படையே அதுதானே. ஐங்குறுநூற்றில் இளவேனிற் பத்து என்றே ஒரு பகுதி இருக்கிறது, பத்துப் பாட்டும் 'அவரோ வாரார் தான்வந் தன்றே' என்று தொடங்குகின்றன. அவர் வரவில்லை, இளவேனில் மட்டும் வந்துவிட்டது. முதல் பாட்டில் குயில் வருகிறது, கூடவே ஆற்றில் நுண்மணல் அசைகிற அறலும் வருகிறது. தலைவியின் மனம் நமக்குப் புரிய அதுவே போதும்.

தகைவிலான் கவிதைக்கு வருகிறேன். இதில் நல்ல விஷயம் இருக்கிறது, மூன்றாவது வரி அதைக் கெடுத்துவிட்டது. நண்பர் சொல்லும் அந்தத் திருப்பம்தான் தமிழ் ஹைக்கூவைப் பிடித்த பழக்கம். பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி, அதன் சொற்சுருக்கத்தை வியந்து எழுதினார், ஆனால் நாம் பின்னால் எடுத்துக்கொண்டது கைதட்டல் வாங்குகிற கடைசி வரியை. இரண்டு வரி காட்டிவிட்டு மூன்றாவதில் தீர்ப்பு சொல்வது. பறவை அங்கே வெறும் சாட்சியாகிவிடுகிறது, 'மனிதம்' என்ற சொல் வந்து உட்கார்ந்ததும் பறவை பறந்துவிடுகிறது.

அந்தக் கூட்டின் கீழே என்ன இருந்தது? ஜப்பானில் கடை முகப்பிலும் ரயில் நிலையக் கூரையிலும் தகைவிலான் கூடு கட்டினால் பெரும்பாலும் கலைக்க மாட்டார்கள். எச்சம் தலையில் விழாமலிருக்க ஒரு பலகை அடிப்பார்கள், அல்லது பழைய குடையைத் தலைகீழாகக் கட்டிவிடுவார்கள். நீங்கள் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அதை மட்டும் எழுதுங்கள்.

தகைவிலான் கூடு
அதன் கீழே தலைகீழாக
ஒரு பழைய குடை

நீங்கள் சொல்ல நினைத்த மனிதம் இதில் இருக்கிறது. ஆனால் குடையைப் பார்க்கவில்லை என்றால் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், பார்த்தது எதுவோ அதைக் கண்டுபிடியுங்கள். இன்னொன்றும் உங்களுக்கு உதவலாம். அதே இனத் தகைவிலான் குளிர்காலம் முழுக்கத் தமிழ்நாட்டில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பங்குனி சித்திரையில் காணாமல் போய்விடும். அங்கே வசந்தம் என்றால் அது வருவது, இங்கே போவது. இரண்டு ஊரையும் அறிந்த நீங்கள் இதை எழுதலாம்.

ஜப்பானிய ஹைக்கூவின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். உகுயிசுவும் ப்ளம் பூவும் ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கவிதையில் சேர்ந்தே வரும் ஜோடி. பாஷோ 1692இல் எழுதியதில் அந்தப் பறவை திண்ணை ஓரத்தில் இருக்கும் மோச்சி என்ற அரிசிப் பண்டத்தின் மேல் எச்சமிடுகிறது. இஸ்ஸாவின் உகுயிசு சேற்றுக் காலைப் ப்ளம் பூவில் துடைக்கிறது. பூசோன் அதன் பாட்டைப் புகழவே இல்லை, சின்ன வாயைத் திறந்து பாடுகிறது என்று மட்டும் சொல்கிறார், எனக்கு மூன்றிலும் அதிகம் பிடித்தது அதுதான். மூவருமே பறவையை வசந்தத்தின் அடையாளமாக நிறுத்திவைக்காமல் அது அன்றைக்கு என்ன செய்தது என்று பார்த்திருக்கிறார்கள். (நீங்கள் ப்ளம் மரத்தில் பச்சையாக ஒரு பறவையைப் பார்த்தால் அது பெரும்பாலும் மெஜிரோ, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். தேனுக்கு வருவது அதுதான்.)

பதினேழு அசை பற்றி: தமிழில் அதைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கை ஜப்பானிய மொழியின் ஒலியிலிருந்து வந்தது. சுருக்கம் இருந்தால் போதும்.

ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனம் 1953இலிருந்து உகுயிசு முதலில் பாடிய நாள், தகைவிலான் முதலில் தென்பட்ட நாள் என்று ஊர் ஊராகக் குறித்துவந்தது. நிலையங்களைச் சுற்றி அந்த உயிர்களைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டதால் 2021இல் 23 வகை விலங்கினங்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆறு தாவரங்கள் மட்டும் மிஞ்சின. இதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்கள் தெரு மூங்கிலில் உகுயிசு முதலில் பாடும் தேதியை நீங்கள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், கவிதை வராத நாளிலும்.

தொகுப்பு இந்தக் கோடைக்கு வேண்டாம். இப்போதுதான் பிப்ரவரி, உகுயிசு இன்னும் பாடவில்லை, தகைவிலான் வர ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. காட்டுவாத்துகள் போய் முடியும்வரை பார்த்து எழுதுங்கள், அப்புறம் அடித்துத் திருத்தியதில் மிஞ்சுவதை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.