பழைய ரிமோட் ஸ்டாக் கார்: பாடியைப் பார்த்து விலை பேசாதீர்கள்

அமெரிக்காவின் நாஸ்கார் போன்ற, கடையில் விற்கும் கார்களின் வடிவத்தில் வண்டிகள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயங்களின் பழைய ரிமோட் மாடல்களை வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அட்லாண்டா பக்கம் இருக்கும் என் மைத்துனர், ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் 1/10 அளவு ரிமோட் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறார். ஃபோர்டு தண்டர்பேர்ட் பாடி. "1985 மாடல், எல்லாமே ஒரிஜினல்" என்று 250 டாலர் கேட்கிறார்களாம். நம்பி வாங்கலாமா?

அந்த 250 டாலர் பாடிக்கா, சேசிஸுக்கா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இந்த வகை வண்டியில் இரண்டும் தனித்தனிப் பொருள்கள். சேசிஸ் என்பது மோட்டாரும் பேட்டரியும் சக்கரங்களும் பூட்டிய அடிப்பகுதி. பாடி என்பது லெக்ஸான் எனப்படும் பாலிகார்பனேட் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் இழுத்து எடுத்த மெல்லிய ஓடு. நான்கு கம்பிகளில் மாட்டி, நான்கு கிளிப் போட்டால் முடிந்தது. பந்தயத்தில் ஓடிய கார் ஒரே சேசிஸில் பல பாடிகளைத் தின்றிருக்கும். அதனால் பாடியின் வயது சேசிஸின் வயது ஆகாது.

பாடியின் வயதைக் கணிப்பது எளிது, ஏனென்றால் நிஜ நாஸ்கார் வண்டிகளின் வடிவம் எந்த ஆண்டு மாறியது என்பது தெரிந்த விஷயம். தண்டர்பேர்டின் முன்முகத்தைப் பாருங்கள். குழிக்குள் உட்கார்ந்த நான்கு செவ்வக ஹெட்லைட் இருந்தால் அது 1983 முதல் 1986 வரையிலான வடிவம். ஹெட்லைட் பாடியோடு வழவழப்பாகச் சேர்ந்திருந்தால் 1987 அல்லது அதற்குப் பிந்தையது. 1989இல் மொத்த வடிவமும் மாறி, 1997 வரை அதுவே ஓடியது. 1998இல் ஃபோர்டு டாரஸுக்குப் போய்விட்டது. செவ்ரோலே என்றால் லுமினா பாடி 1989க்கு முன்னால் இருக்க வழியில்லை, 1995இல் மான்டி கார்லோ திரும்பி வந்தது. டாட்ஜ் இன்ட்ரெபிட் பாடி போட்டு "எண்பதுகளின் கார்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டாட்ஜ் அந்தப் பெயரோடு பெரிய பந்தயத்துக்கு வந்தது 2001இல்தான்.

ஸ்டிக்கரும் சாட்சி சொல்லும். தொடரின் பெயர் 2003 வரை வின்ஸ்டன் கப், 2004 முதல் நெக்ஸ்டல், 2008 முதல் 2016 வரை ஸ்பிரிண்ட். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவை எல்லாம் "இந்த ஆண்டுக்கு முன்னால் இருக்க முடியாது" என்று மட்டுமே சொல்லும். 1985 வடிவத்துக்கான அச்சிலேயே பல ஆண்டுகள் கழித்தும் பாடி இழுத்து விற்கலாம்.

மைத்துனரிடம் ஆறு படங்கள் கேளுங்கள்: பாடியின் உட்புறம், பாடியின் ஓரங்கள், சேசிஸின் அடிப்பகுதி, பின் அச்சும் கியரும், முன் சக்கரங்களின் பிடிமானம், மோட்டாரின் பின்முனை. உட்புறப் படம்தான் முக்கியம். லெக்ஸான் பாடிக்குப் பெயின்ட் உள்ளேயிருந்து அடிப்பார்கள், வெளிப்பக்கம் பளபளப்பாகவே இருக்கும். வெளியே அடித்திருந்தால், பழைய கீறலையோ வெடிப்பையோ மூடி மறைக்கப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்றே கொள்ளுங்கள். பாடியை மாட்டும் கம்பிகளுக்கான (பாடி போஸ்ட்) துளைகளையும் எண்ணச் சொல்லுங்கள். நான்கு போஸ்டுக்கு எட்டுத் துளை இருந்தால், அந்தப் பாடி வேறொரு சேசிஸில் இருந்து வந்தது.

கேள்வி: ஏலத்தில் பார்த்த காரின் பின்டயர்களில் வலது பக்கம் பெரிது, இடது பக்கம் சிறிது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. பேட்டரி இடதுபுறமாக ஒதுங்கி இருக்கிறது. அடிபட்ட காரா?

இல்லை, அது ஓவல் தடத்துக்காகவே அமைக்கப்பட்ட கார். ஓவலில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள். வலது பின்டயரின் விட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் கார் தானாகவே இடதுபுறம் இழுக்கும். எடையையும் இடதுபக்கம் ஏற்றுவார்கள். முன்பக்கம் வலது சக்கரத்தின் தலை உள்நோக்கியும், இடது சக்கரத்தின் தலை வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும், அதாவது இரண்டுமே வளைவின் உட்பக்கம் சாயும். இதைப் பார்த்து "வளைந்துபோச்சு" என்று குறைந்த விலைக்கு விற்பவர்கள் உண்டு. அப்படிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அடிபட்டதா என்று தெரிய வேண்டுமானால் வேறு இடங்களைப் பாருங்கள். பின் மோட்டார் பகுதியைச் சேசிஸோடு இணைக்கும் டி வடிவத் தகட்டின் கழுத்து, முன் சக்கரக் கைகளின் வேர், சேசிஸின் முன் மூலைகள். ஃபைபர் கிளாஸ் தகடு அடிவாங்கினால் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக அடுக்குப் பிரியும்.

கேள்வி: கையில் ஒரு சேசிஸ் இருக்கிறது. எங்கும் கம்பெனி பெயரே இல்லை. எந்த நாட்டுத் தயாரிப்பு என்றாவது கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்கக் கார்களில் அங்குல அளவு, பெரும்பாலும் 4-40 ஸ்க்ரூ (4 என்பது தடிமன் எண், 40 என்பது ஓர் அங்குலத்தில் உள்ள மரைகள்). ஜப்பானியக் கார்களில் மில்லிமீட்டர் அளவான எம்3. வெர்னியர் அளவுகோலில் 4-40இன் விட்டம் 2.84 மி.மீ. அல்லது சற்றுக் குறைவாகக் காட்டும், எம்3 கிட்டத்தட்ட 3 மி.மீ. அந்த வித்தியாசம் சந்தேகமாகத் தோன்றினால் மரைகளை எண்ணுங்கள். பத்து மரையின் நீளம் 4-40இல் 6.35 மி.மீ., எம்3இல் 5 மி.மீ. இதில் தவற வாய்ப்பே இல்லை.

ஸ்க்ரூவைத் திருகும் அறுகோண ஆலன் கீயும் வேறு. 4-40 உருளைத் தலைக்கு 3/32 அங்குலம், தட்டைத் தலைக்கும் உருண்டைத் தலைக்கும் 1/16, தலையில்லாத செட் ஸ்க்ரூவுக்கு 0.050. அமெரிக்கக் காரின் 3/32 தலையில் 2.5 மி.மீ. கீ சுலபமாக நுழைந்தால், யாரோ ஏற்கெனவே அதை வழுக்கவிட்டுக் கெடுத்திருக்கிறார்கள். அலுமினியப் பாகத்தில் 4-40 மரை இருக்கும் இடத்தில் எம்3 ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றியிருந்தால் அந்தப் பாகம் கெட்டது என்றே கணக்கு வையுங்கள்.

அடுத்து, பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸ் தகட்டில் பெயர் இல்லாவிட்டாலும் முன் சக்கரக் கைகளிலோ கியரிலோ பெயரோ பாக எண்ணோ வார்க்கப்பட்டிருக்கலாம். ஜார்ஜியா மாநிலத்தின் போலிங்க், கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் ஆகிய இரண்டும் இந்த உலகத்தில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள். ஒன்றின் முன்பகுதி, இன்னொன்றின் பின்பகுதி, நடுவில் யாரோ வெட்டிய தகடு என்ற கலப்பும் சகஜம். ஓட்டுவதற்கு அது குறையே அல்ல. ஆனால் "ஒரிஜினல் கிட்" என்ற விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கியர் வாங்கும்போது பல் அளவை (பிட்ச்) சரிபாருங்கள். 48 பிட்ச் ஸ்பர் கியரில் (பின் அச்சின் பெரிய கியர்) 64 பிட்ச் பினியன் (மோட்டாரின் சிறிய கியர்) பார்வைக்குப் பொருந்துவதுபோல இருக்கும், ஓடவிட்டால் ஒரே நிமிடத்தில் பல்லைத் தின்றுவிடும்.

கேள்வி: கடையில் தொங்கிய பாக்கெட்டிலேயே இருக்கும் பழைய பாடி என்று ஒருவர் விற்கிறார். நகலா, அசலா?

ஓரங்களைப் பாருங்கள். அசல் அச்சில் இழுத்த பாடியில் கதவுக் கோடு, கிரில், கண்ணாடி விளிம்பு எல்லாம் கூர்மையாக இருக்கும். ஒரு பழைய பாடியையே அச்சாக்கி அதிலிருந்து நகல் எடுத்தால் அந்தக் கோடுகள் மழுங்கிவிடும். வெட்டி எறிய வேண்டிய ஓரத்தில் தயாரிப்பாளரின் பெயர் பதிந்திருந்தால் அதுவும் குழம்பித் தெரியும், அல்லது காணாமல் போயிருக்கும். அட்டையின் ஸ்டேப்பிள் பின்னில் துருவும், அதைச் சுற்றிக் காகிதத்தில் கறையும் இருந்தால் நல்ல அறிகுறி. மின்னும் புதுப் பின் இருந்தால் பாக்கெட்டைத் திறந்து மூடியிருக்கிறார்கள். நகல் வாங்குவதில் தப்பில்லை, நகல் விலைக்குக் கொடுத்தால்.

கேள்வி: ரிமோட்டில் 49 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. மேலே நாஸ்கார் ஸ்டிக்கர். பழைய பந்தயக் காரா?

பொம்மை. பந்தயக் கார்கள் 27 அல்லது, அமெரிக்காவில், 75 மெகாஹெர்ட்ஸில் ஓடின. ஸ்டியரிங்குக்குத் தனி சர்வோ மோட்டார் இருக்கிறதா, ரிசீவரில் அலைவரிசையைத் தீர்மானிக்கும், கழற்றி மாற்றும் கிரிஸ்டல் இருக்கிறதா, 36 மி.மீ. விட்டமுள்ள 540 வகை மோட்டார் இருக்கிறதா? மூன்றுமே இல்லை என்றால் பொம்மைதான். பொம்மையைச் சேகரிப்பவர்களும் உண்டு, பெட்டியோடு இருந்தால் மதிப்பும் உண்டு. ஆனால் உதிரிபாகம் தேடி அலையாதீர்கள்.

கேள்வி: 1930களின் கூபே (இருகதவுக் கார்) வடிவத்தில் போலிங்க் கார் ஒன்று வந்திருக்கிறது. "ரொம்பப் பழசு" என்கிறார்கள்.

வடிவம்தான் பழசு. அது லெஜண்ட்ஸ் வகை. 1930, 40களின் கார்களை 5/8 அளவில் சிறிதாக்கி, மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டி ஓட்டும் நிஜப் பந்தயம் 1992இல்தான் சார்லட் நகரில் தொடங்கியது. ரிமோட் மாடல் அதற்குப் பிறகே வந்திருக்க முடியும்.

கேள்வி: கார் வந்து சேர்ந்துவிட்டது. உள்ளே பழைய பேட்டரியும் இருக்கிறது. சார்ஜ் போட்டு ஓட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். அது ஆறு நிக்கல்-காட்மியம் செல் சேர்ந்த 7.2 வோல்ட் பேக். பல ஆண்டு கிடந்ததைச் "சும்மா பார்க்கலாம்" என்று சார்ஜரில் மாட்டினால் சூடேறி ஒழுகும். காட்மியம் நச்சு, குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். செல்லின் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அல்கலி எனப்படும் காரம். கையுறை போட்டு, கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கறுப்புக் கம்பியின் தோலைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது. சுத்தமான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள், அல்லது கம்பியையே மாற்றுங்கள்.

மோட்டாரைத் தனியாகக் கழற்றி 3 வோல்ட் மட்டும் கொடுத்துச் சுழற்றுங்கள். பிரஷ் அதன் கூட்டில் தாராளமாக நகர வேண்டும். பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலைச் சோதிக்க, ஸ்பர் கியரைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைத் திருப்புங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் வழுக்கலாகச் சுற்ற வேண்டும். மணல் கடிப்பதுபோல உணர்ந்தால் குண்டுகள் உருளும் வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. வளையத்தைப் பிரட்டிப் போட்டாலே பலமுறை சரியாகிவிடும். இரு சக்கரங்களையும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஸ்பர் கியரைத் தள்ளினால் அது எளிதில் வழுக்கக் கூடாது.

பேட்டரிக்கு ஆறு செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேக் போதும். லிப்போ (லித்தியம் பாலிமர்) வேண்டாம். பழைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு லிப்போவை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது, செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துப் பேட்டரியைக் கெடுக்கும். பழைய ரிசீவருக்கு 7.2 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்காதீர்கள், நான்கு பென்டார்ச் செல்தான் அதன் கணக்கு. ஏர்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பழைய சர்வோவைப் புது ரிசீவரில் மாட்டும் முன் கம்பி வரிசையைச் சரிபாருங்கள். பிளக் நுழையும், ஆனால் வரிசை வேறு, பொருள் எரிந்துபோகும். இன்றைய ரிசீவரில் நடுக்கம்பிதான் பிளஸ்.

ஃபோம் டயர் கையில் நசுக்கினால் பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்ட வேறு ஜோடி மாட்டுங்கள். நிறுத்தி வைக்கும்போது சேசிஸுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஃபோம் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டே வரக்கூடாது, லெக்ஸான் வெளுத்து வெடிக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் இருந்து "ஸ்டாக் கார்" என்று வாங்கியது நாஸ்கார் மாதிரியே இல்லை. சுற்றிலும் பம்பர், கூரைமேல் பெரிய இறக்கை. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. பிரிட்டனில் ஸ்டாக் கார் என்றால் இடித்துத் தள்ளி ஓட்டும் பந்தயம், அதற்குத்தான் அந்தப் பம்பர். 1/12 அளவாக இருந்தால் லெஸ்டரின் மார்டேவ் தயாரிப்பா என்று முதலில் பாருங்கள். இவை இடிபடவே பிறந்தவை என்பதால் பாடியில் காயத்தைப் பார்த்து விலை குறைக்கக் கேட்காதீர்கள், சேசிஸ் தகட்டைக் கண்ணாடிமேல் வைத்து நான்கு மூலையும் படிகிறதா என்று பாருங்கள். ரேடியோ 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸாக இருக்கும். கூரை நிறத்தையும் கவனியுங்கள். நிஜப் பந்தயத்தில் வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று ஓட்டுநரின் தரத்தைக் காட்டும் நிறங்கள் உண்டு, உலக சாம்பியனுக்குத் தங்க நிறம். உங்கள் காரின் கூரை தங்க நிறமாக இருந்தால், குறிப்பிட்ட ஒருவரின் வண்டியை நகலெடுத்துப் பெயின்ட் அடித்திருக்கலாம். பக்கத்தில் உள்ள எண்ணை வைத்து அது யாருடையது என்று தேடலாம்.