பழைய கார், பழைய வைரிங்: கேள்வி பதில்

பழைய கார்களின் எலக்ட்ரிக்கல் கோளாறு பற்றி வட சென்னை ஆட்கள் கேட்டவையும் என் பதில்களும். கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். அது இல்லாமல் எந்தப் பார்ட்டையும் மாற்றாதீர்கள்.

காசிமேடு: மாருதி 800. சாவி திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம்தான், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுப்பதில்லை. புது பேட்டரி போட்டும் அதே கதை.

பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவ் வண்டியின் இரும்போடு சேரும் இணைப்பைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுடையது கடல் காற்றில் நிற்கிற வண்டி. நெகட்டிவ் கேபிள் பாடியிலும் கியர்பாக்ஸிலும் உட்காரும் இடத்தில் உள்ளுக்குள் துரு ஏறும், மேலே பார்த்தால் தெரியாது. செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். வழியில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காலி.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலேயே தொடுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறுமுனை இன்ஜின் பிளாக்கில். வண்டியை நியூட்ரலில் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். கேபிளைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். எர்த் சரியாக இருந்தால் அதேபோல் பாசிட்டிவ் போஸ்ட்டுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே பாருங்கள்; அங்கே 0.5 வரை போகலாம். இரண்டும் சரி என்றால் அப்புறம் சோலனாய்டு, அதாவது செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்.

தண்டையார்பேட்டை: அம்பாசடர் ஹெட்லைட்டில் 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்பு போட்டேன். ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?

கூடாது. ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர் போதும். 100 வாட் இரண்டு போட்டால் 16-ஐத் தாண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் அது தாங்கிக்கொள்ளும், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் உருகும். பழைய 60/55-க்கே திரும்பி, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ் போடுங்கள். வெளிச்சம் தானாகக் கூடும்.

பெரம்பூர்: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது.

எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். 50 மில்லியாம்பியருக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு ஃபியூஸாக உருவுங்கள். எதை உருவும்போது குறைகிறதோ அந்த லைனில் ஆள் இருக்கிறான். பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோவில் ஆரம்பியுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் போடாதீர்கள்.

வியாசர்பாடி: ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றலாமா?

வேண்டவே வேண்டாம். பேட்டரியில் வோல்ட் பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4. முடிந்தது.

திருவொற்றியூர்: எங்கள் மேஸ்திரி காலம்காலமாக அப்படித்தான் பார்க்கிறார்.

அவர் தொழில் பழகியது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ வண்டியில் என்றால் அது புரிகிறது. டைனமோவில் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) கிடையாது. ஆல்டர்னேட்டரில் உண்டு.

எண்ணூர்: என் வண்டியில் ஆல்டர்னேட்டர்தான். கழற்றிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் பேட்டரி நிறைந்திருந்திருக்கும், சார்ஜ் கரண்ட் கொஞ்சம்தான் போயிருக்கும். ஆனால் சார்ஜ் மேல் சந்தேகம் வருவது பேட்டரி காலியாக இருக்கும்போதுதானே? அப்போது ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கேபிளைப் பிடுங்கினால் வோல்ட் சட்டென்று பல மடங்கு எகிறும். டயோடு, ரெகுலேட்டர், எலக்ட்ரானிக்காகப் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியானால் அதன் கம்ப்யூட்டரான ஈசியூ, எல்லாம் ஆபத்தில். சார்ஜ் ஆகும் பேட்டரியில் ஹைட்ரஜன் கிளம்பும், அதன் பக்கத்தில் பொறி வேறு. மீட்டர் விலை எங்கே, ஈசியூ விலை எங்கே?

ராயபுரம்: செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி மாற்றவா?

மேலே காசிமேட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொடுங்கையூர்: ஏசி குளிரவில்லை.

ஃபியூஸும் கம்ப்ரஸர் கிளட்சும் சரி என்றால் அது பெரும்பாலும் கேஸ் வேலை. ஏசி மெக்கானிக்கிடம் போங்கள்.

மணலி: ஃபியூஸ் கிடைக்காத அவசரத்துக்குச் செம்புக்கம்பி சுற்றலாமா?

தண்டையார்பேட்டைக்கு என்ன சொன்னேன்? வண்டி எரியும். சின்ன டப்பாவில் நாலு ஃபியூஸ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

கொருக்குப்பேட்டை: மழைத் தண்ணீர் சீட் வரை ஏறி வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யலாமா?

சாவியே போடாதீர்கள். முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வண்டியை டோ செய்யுங்கள்.