சர்க்கரைப் புண்ணுக்கு எந்தக் கட்டு நல்லது?

காயங்களுக்குக் கட்டுப் போடுவதையே பல வருடங்களாக வேலையாகச் செய்துவரும் செவிலியர் ஒருவர், காலில் சர்க்கரைப் புண் உள்ளவர்களின் வீட்டார் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு உள்ளங்காலில் புண். ஒருவர் ஃபோம் என்கிறார், ஒருவர் வெள்ளி கலந்தது என்கிறார், சாதா கட்டே போதும் என்கிறார் இன்னொருவர். எதுதான் சிறந்தது?

பதில்: எல்லாப் புண்ணுக்கும் பொருந்துகிற கட்டு என்று ஒன்று கிடையாது. ஒட்டாத சாதாரணக் கட்டு, அயோடின் கலந்தது, நீரை உறிஞ்சி ஜெல் போலாகும் ஹைட்ரோஃபைபர் ஆகிய மூன்றையும் பிரிட்டனில் 317 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. புண் ஆறியதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் நான் முதலில் பிரித்த கட்டைத்தான் பார்ப்பேன். அது சொதசொதவென்று நனைந்து, புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறியிருந்தால் நீரை உறிஞ்சும் பஞ்சு போன்ற ஃபோம், அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட். காய்ந்து புண்ணோடு ஒட்டியிருந்தால் ஆல்ஜினேட் கூடாது. புண்ணை ஈரமாக வைக்கும் ஜெல் தடவி, ஒட்டாத கட்டு.

கேள்வி: காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்கிறார்களே, மேடம்?

பதில்: காயும், ஆறுவதற்குத்தான் நாளாகும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், மற்றவற்றைத் திறந்து விட்டார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குத் தட்டிவிட்டால் புதுத்தோல் அதற்கு அடியில் புகுந்து வழி தேட வேண்டியிருக்கிறது. ஆனால் ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்து வற்றிய விரலை ஈரமாக்கவே கூடாது. உலர்ந்தபடியே மூடி, ரத்தக்குழாய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: வெள்ளி, தேன் கலந்த கட்டுகள்?

பதில்: சீக்கிரம் ஆறும் என்று நம்பி வாங்க வேண்டாம். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆற்றுவதற்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற வேதிப்பொருள் கலந்த கட்டை மட்டும் யோசிக்கலாம் என்கிறது. அதுவும் நரம்பும் ரத்த ஓட்டமும் சேர்ந்து பாதித்து, தொற்று இல்லாமல், நல்ல கவனிப்புக்குப் பிறகும் 2 வாரமாக அசையாத புண்ணுக்கு.

கேள்வி: வாக்யூம் கட்டு?

பதில்: புண்ணைக் காற்றுப் புகாமல் மூடி, கசியும் நீரைக் கருவியால் உறிஞ்சி எடுக்கும் கட்டு அது. பாதத்தில் அறுவை சிகிச்சை செய்த காயத்துக்கு உதவும். மற்றப் புண்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: அக்கா, மூன்று மாதமாகத் தினமும் கட்டு மாற்றுகிறேன். அம்மாவின் பெருவிரல் அடியில் உள்ள புண் அப்படியே இருக்கிறது. வலியே இல்லை என்று நடமாடிக்கொண்டிருக்கிறார்.

பதில்: நீங்கள் கட்டுவதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அந்த நடமாட்டம்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரல் அடி படுகிற இடம் குழிந்து தேய்ந்திருக்கும். புண்ணைச் சுற்றி மஞ்சளாகக் காய்ப்புத் தடித்திருக்கும். ஒவ்வோர் அடியிலும் எடை அங்கேயே விழுகிறது.

இதற்கு முழங்கால் வரை போடும், கழற்ற முடியாத மாவுக்கட்டு போன்ற சாதனம்தான் முதல் தேர்வு. ரத்த ஓட்டமும் தொற்றும் பார்த்த பிறகே அதைப் போடுவார்கள். கழற்றக்கூடியது என்றால், ராத்திரி பாத்ரூம் வரைதானே என்று வெறுங்காலோடு நாலடி போய்விடுவார்கள். ஆறத் தொடங்கிய புண் அந்த நாலடியில் மறுபடி நசுங்குவதை நிறையப் பார்த்துவிட்டேன், மனது கஷ்டப்படும். அப்புறம், மெத்தென்று இருக்கட்டும் என்று கட்டைத் தடிமனாக்காதீர்கள். செருப்புக்குள் அது இன்னும் அழுத்தும். காய்ப்பை மருத்துவமனையில் சீவிவிடுவார்கள், வீட்டில் பிளேடு எடுக்க வேண்டாம்.

4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது குறைய வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால், ரத்த ஓட்டத்தையும் எலும்பில் தொற்று இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எப்போது உடனே ஓட வேண்டும்?

பதில்: சீழ், கெட்ட வாடை, திடீர் வீக்கம், எலும்பு தெரிவது, காய்ச்சல். சிவப்பு இருந்தால் அதன் எல்லையில் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். கோட்டைத் தாண்டினாலோ, புண்ணின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் பரவியிருந்தாலோ அன்றைக்கே போங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று ஆழமாக இறங்கிய பிறகும் உடம்பு சுடாமலே இருக்கலாம்.